மலாய்க் ‘கவல்’: எம்மொழியின் காவல்?

மலாயில் தமிழ்ச்சொற்கள் என்னும் பொருளில் கருத்தரங்குதோறும் கட்டுரைகள் வாசிக்கப்பெறுகின்றன. கப்பல், பெட்டி, கட்டில், முதல் எனப் பட்டியல் நீள்கிறது. பட்டியல் முடிந்ததும் ஆய்வும் முடிந்துவிடுகிறது. இப்போக்கு ஏற்கத்தக்கதன்று என்பதை ஒரு சொல்லைக் கொண்டே காட்டலாம்.

மலாயிலும் இந்தோனேசியத்திலும் அன்றாடம் வழங்கும் வினை ‘மெங்ஙவல்’. காத்தல், காவலாக உடன்செல்லல் என்பன அதன் பொருள். அடிச்சொல்லாகிய ‘கவல்’, ‘காவல்’ என்பதன் திரிபு என்பதில் ஐயமில்லை. ஆனால் எம்மொழியின் காவல்? சித்தூர், தேவிகுளம் வட்டங்களிலிருந்து வரும் மாணவர்க்கு இவ்வினா இயல்பாகவே எழுகிறது. யானைக்கு அஞ்சி இரவில் தோட்டத்திற்குக் காவல் இருப்பவர் தமிழ் பேசினும் மலையாளம் பேசினும் சொல் ஒன்றே. பெட்டி, கட்டில், முதல் ஆகியவற்றின் நிலையும் இதுவே. இவற்றின் ஒலிவடிவம் மட்டும் எதையும் மெய்ப்பிக்காது.

மெய்ப்பிக்கவல்ல சொற்கள் வேறு. மலாயில் கடை ‘கெடை’. கேடயமாகிய பரிசை ‘பெரிசை’. மலையாளத்தில் இவை ‘கட’, ‘பரிச’ என ஐகாரம் இழந்து நிற்கின்றன, ஏ.ஆர். இராசராச வர்மா கேரள பாணினீயத்தில் சுரசம்வரணம் எனக் குறித்த மாற்றம் இது. (பேச்சில் நாமும் ‘கட’ என்றே கூறுகிறோம் என்பதை மறத்தலாகாது.) மலாய் பெற்றதோ ஐகாரம் கெடாத வடிவம். இத்தகைய சொற்களோடு வைத்து நோக்கக் ‘கவல்’ தமிழ்வழியே சென்றிருத்தல் கூடும் என்பது வரையே கூற இயலும்.

ஐந்நூற்றுவரின் 1088ஆம் ஆண்டுப் பாரூசுக் கல்வெட்டைச் சான்றாக நீட்டுவோர் உளர். வணிகர் சுமத்திராவில் இருந்தனர் என்பதற்கு அது சான்று; இச்சொல் அவரோடு சென்றது என்பதற்கன்று. ஒன்பதாம் நூற்றாண்டுத் தகுவாபாக் கல்வெட்டில் ஒரு குளம் மணிக்கிராமத்தார் முதலியோரின் பாதுகாப்பில் விடப்படுகிறது. அங்கு வரும் சொல் ‘அடைக்கலம்’.

பொருளாராய்ச்சியோ அறவே இல்லை. தமிழில் காவல் என்பது பெயர். வினையாக வேண்டின் ‘காவல் இரு’, ‘காவல் செய்’ எனத் துணை வேண்டும். மலாய் அப்பெயரையே அடியாகக் கொண்டு முன்னொட்டிட்டு வினையாக்கியது. மலேசிய வழக்கில் அது ‘கட்டுப்படுத்து’ எனவும் பொருள் விரிந்தது. 2020 மார்ச் 18 அன்று பெருந்தொற்றினால் நடைமுறைக்கு வந்த ஆணையின் மலாய்ப் பெயர் ‘பெரிந்தா கவலன் பெர்கெராக்கன்’. மலேசியத் தமிழ் ஊடகங்கள் அதனை ‘நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை’ என்றன. ‘காவல்’ என்று எழுதியிருப்பின் எவரையோ போலீசுக் காவலில் வைத்ததாக வாசகர் மயங்கியிருப்பர். இப்பொருள் வளர்ச்சி மலாய் பேசுவோர் செய்தது. இதனையும் ‘தமிழின் கொடை’ என்பது கொடுக்காததற்குக் கணக்கெழுதுவதாகும்.

அடுத்த பட்டியலில் ‘கவல்’ இடம்பெறுமாயின், மலையாள வடிவத்திற்கு ஒரு நிரலும் மலாய்ப் பொருளுக்கு மற்றொரு நிரலும் ஒதுக்கப்பெறல் வேண்டும்.