பம்பைக் கழற்றும் முன்...



டீசல் லோடு வண்டி ஒன்று காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது. எப்படியோ கிளம்பினாலும் மேட்டில் இழுக்க மாட்டேன் என்கிறது. ஒர்க்ஷாப்பில் நுழைந்ததும் கேட்கும் முதல் குரல் எது? "பம்ப் போயிடுச்சு சார், இறக்கிடலாம்!" பம்ப் சர்வீசுக்குப் போகும். சரிவரலைன்னா நாசில். அதுவும் இல்லைன்னா பில்டர். கடைசியில் பார்த்தால் டேங்கிலிருந்து வரும் ரப்பர் ஹோசில் மயிரிழை அளவு வெடிப்பு!

இந்த வீண் செலவு யார் தலையில்? அந்த ஒரு வண்டியை நம்பிக் குடும்பம் நடத்துகிறவர் தலையில். வண்டி நின்ற நாட்களின் வாடகை போச்சு. மாதத் தவணை நிற்குமா?

இதைச் சிலர் அனுபவம் என்கிறார்கள். நான் குருட்டாம்போக்கு என்பேன். ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க ஸ்பேனர் பிடிக்கும் யாராலும் முடியும். அதற்கு மூன்று வருடப் படிப்பு எதற்கு? எங்கே கோளாறு, ஏன் கோளாறு என்று சோதித்துக் காட்டுவதுதான் டிப்ளமோவுக்கு அழகு.

டீசல் போகும் பாதை ஒன்றுதான். டேங்க், பீட் பம்ப், பில்டர், இன்ஜெக்ஷன் பம்ப், நாசில். இதில் டேங்கிலிருந்து பீட் பம்ப் வரை உறிஞ்சும் பக்கம். அங்கே அழுத்தம் வெளிக்காற்றை விடக் குறைவு. அதனால் ஓட்டை இருந்தாலும் டீசல் வெளியே சொட்டாது. காற்றுதான் உள்ளே போகும். "எங்கேயும் லீக் இல்லை சார்" என்று கண்ணால் பார்த்துச் சொல்வது இந்த இடத்தில் செல்லாது. இரவு வண்டி நிற்கும்போது காற்று புகுந்து, டீசல் டேங்குக்கே இறங்கிவிடும். காலையில் ஏன் ஸ்டார்ட் ஆகலை என்று இப்போது புரிகிறதா?

சோதனை ரொம்ப எளிது. சுத்தமான கேன் ஒன்றில் டீசல் எடுத்து, தனி டியூப் வழியாக நேரே பீட் பம்பின் உள்வழியில் கொடுங்கள். ஏர் பிளீட் செய்து ஓட்டிப் பாருங்கள். நன்றாக ஓடினால் பீட் பம்ப் முதல் நாசில் வரை எல்லோரும் நிரபராதிகள்! தேட வேண்டியது டேங்க் பக்கம் மட்டும். உள்ளே இருக்கும் வலை, ஹோஸ், பேன்ஜோ போல்ட்டின் செம்பு வாஷர், டேங்க் மூடியின் காற்றுத்துளை. அந்தத் துளை அடைத்தால் கொஞ்ச தூரம் ஓடி வண்டி நிற்கும். மூடியைத் திறந்தால் 'புஸ்' என்று காற்று உள்ளே இழுக்கும். கேனில் கொடுத்தும் ஓடவில்லையா? அப்போது பீட் பம்ப் எவ்வளவு தள்ளுகிறது, பில்டரைத் தாண்டி எவ்வளவு வருகிறது என்று மேலே போகலாம். ஒரே சோதனையில் பாதையில் ஒரு பாதி கழிந்துவிட்டது, பாருங்கள்!

"இதெல்லாம் பழைய வண்டிக்கு. 2020 ஏப்ரல் 1 முதல் விற்கிற புது வண்டி எல்லாம் பி.எஸ். 6. ஸ்கேனரை மாட்டினா அதுவே சொல்லிடும்" என்று ஒரு நண்பர் வாதம் செய்யலாம். சொல்லும்தான். ஆனால் என்ன சொல்லும்? பி 0087 என்று கோடு வந்தால், ரெயிலில் அழுத்தம் குறைவு என்று மட்டுமே அர்த்தம். பில்டர் அடைத்தாலும், காற்று புகுந்தாலும், பம்ப் தேய்ந்தாலும், இன்ஜெக்டரில் ரிட்டன் அதிகமானாலும் அதே கோடு வரலாம். ஸ்கேனர் தெருப் பெயரைச் சொல்லும். கதவு எண்ணை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. பழைய இன்ஜினில் ஓட்டத்திலேயே நாசில் பைப் நட்டைத் தளர்த்தி, எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்ப்பார்கள். காமன் ரெயிலில் அந்த வேலையே வேண்டாம். ரெயில் அழுத்தம் 1000 பாருக்கு மேலும் போகும். அந்தப் பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். லீக் இருக்கிறதா என்று கையை வைத்துத் தடவிப் பார்ப்பதும் கூடாது.

சரி, நமக்கு இதை எங்கே பழக்குகிறார்கள்? லேபில் பம்பைக் கழற்றி மாட்டினால் மார்க். படம் வரைந்தால் மார்க். கோளாறைக் கண்டுபிடித்தால்? அப்படி ஒரு கேள்வியே கிடையாது!

ஆசிரியப் பெருமக்களுக்கும் நம் மாணவர் சங்கத்துக்கும் என் வேண்டுகோள் இதுதான். வாரம் ஒரு மதியம் ஓடாத இன்ஜினை எங்களிடம் கொடுங்கள். வேண்டுமென்றே ஒரு வாஷரைத் தளர்த்தி வையுங்கள், ஒரு துளையை அடைத்து வையுங்கள். எதைச் சோதித்தோம், எதைக் கழித்தோம் என்று நோட்டில் எழுதிய பிறகே ஸ்பேனரைத் தொட வேண்டும் என்று விதி வையுங்கள். இதற்குப் புதுக் கருவி எதுவும் வேண்டாம். ஒரு கேனும் ரெண்டு மீட்டர் டியூப்பும் போதும்.

நண்பர்களே, நாளை நம்மிடம் வரும் வண்டிக்காரரிடம் "மாத்திப் பார்ப்போம்" என்று சொல்லப் போகிறோமா? இல்லை, "இதோ பாருங்கண்ணே, இந்த இடத்துலதான் ஏர் எடுக்குது" என்று விரல் நீட்டிக் காட்டப் போகிறோமா? முடிவு நம் கையில்!

- மூன்றாம் ஆண்டு மாணவன், ஆட்டோமொபைல் பிரிவு