நம்ம வீட்டுல ரெய்டு!

"அம்மா, லீவுக்கு வந்ததும் நம்ம வீட்டுல ரெய்டு போடப்போறேன்!"

ஹாஸ்டல்ல இருந்து போன்ல இப்படிச் சொன்னதும் அம்மா பதறிட்டாங்க. "ஏண்டா, ரெய்டு வர்ற அளவுக்கு நாம என்னத்தைச் சேர்த்து வெச்சிருக்கோம்?"

வருமான வரி ரெய்டு இல்லீங்க. பல ஹார்டு டிஸ்க்குகளைக் கூட்டணி சேர்த்து, ஒரே டிஸ்க் மாதிரி வேலை வாங்குற வித்தை. விலை உசந்த பெரிய டிஸ்க் ஒண்ணுக்குப் பதிலா, மலிவான சின்ன டிஸ்க்குகளைச் சேர்த்தா என்னன்னு 1988-ல அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துல டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் மூணு பேரும் ஆய்வுக் கட்டுரை எழுதினாங்க. பேரு வந்தது அதுலதான்.

இதுல மூணு ரகம் தெரிஞ்சா போதும். ரெய்டு 0: ஃபைலைத் துண்டு போட்டு ரெண்டு டிஸ்க்குலயும் பிரிச்சு எழுதும். வேகம் ஜிவ்வுனு ஏறும். ஆனா, ஒரு டிஸ்க் போனாலும் மொத்தமும் காலி. ரெய்டு 1: ஒண்ணுல எழுதுறதை அப்படியே இன்னொண்ணுலயும் எழுதும். ரெண்டு 4 டி.பி. போட்டா 4 டி.பி. இடம்தான் கிடைக்கும். ஆனா, ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணு காப்பாத்தும். ரெய்டு 5: குறைஞ்சது மூணு டிஸ்க் வேணும், அதுல ஒண்ணு போனா தாங்கும்.

முதல் வருஷம் படிக்கிறப்போ வேகத்துக்கு ஆசைப்பட்டேன். மதர்போர்டுலயே ஓசியில ரெய்டு வசதி இருந்துச்சு. பயாஸுக்குள்ள போய் ரெண்டு டிஸ்க்கை ரெய்டு 0-ல கோத்துவிட்டேன். எட்டே மாசம்... ஒரு டிஸ்க் 'டிக் டிக்'னு சத்தம் போட்டுச் செத்துப்போச்சு. அக்கா கல்யாண போட்டோவெல்லாம் ஸ்டுடியோக்காரர் கொடுத்த டி.வி.டி-யில இருந்துச்சு, தப்பிச்சேன். தாத்தா திண்ணையில உட்கார்ந்து கதை சொன்ன வீடியோ வேற எங்கேயும் இல்லை. தாத்தாவும் இப்போ இல்லை. அம்மா திட்டவே இல்லை பாஸ். திட்டியிருக்கலாம்.

"அதுக்குத்தான் தனி ரெய்டு கார்டு வாங்குடா"னு கிளாஸ்மேட் அட்வைஸ் பண்ணான். விசாரிச்சேன். அந்த கார்டுக்குச் சொந்தமா ஒரு பிராசஸர், சொந்தமா மெமரி, கரன்ட் போனா மெமரியில இருக்கிற டேட்டாவைக் காப்பாத்த பேட்டரின்னு சகலமும் இருக்கும். எட்டு, பத்து டிஸ்க் ஓடுற சர்வருக்கு அது ராஜா! ஆனா, வீட்டுக்கு? விலை அதிகம். சர்வர் ஃபேன் காத்தை நம்பி வடிவமைச்ச கார்டு, நம்ம கேபினட்டுக்குள்ள கொதிக்கும். சாதாரண டிஸ்க் கெட்டுப்போன இடத்தைப் படிக்கத் திணறி கொஞ்சம் லேட்டா பதில் சொன்னா, 'நீ செத்துட்டே'னு அதைக் கழட்டிவிட்டுரும். கார்டே செத்தா, பெரும்பாலும் அதே குடும்பத்து கார்டைத் தேடி அலையணும்.

ஆன்போர்டு மட்டும் என்ன யோக்கியமா? 'ஃபேக் ரெய்டு'னே அதுக்கு ஒரு பட்டப்பேரு உண்டு. வேலையை எல்லாம் டிரைவர் மூலமா நம்ம சி.பி.யு-தான் செய்யுது. ரெண்டு டிஸ்க் ரெய்டு 1-க்கு அது ஒரு சுமையே இல்லை. பிரச்னை, போர்டு மாத்துறப்போ வரும். புது போர்டுல வேற கம்பெனி சிப்செட் இருந்தா, பழைய கூட்டணியை அது மதிக்காமப் போகலாம்.

அப்போ எதைத்தான் போடுறது? ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு உள்ளேயே இருக்கு பாஸ்! விண்டோஸ்ல 2012-ல இருந்து 'ஸ்டோரேஜ் ஸ்பேசஸ்', லினக்ஸ்ல 'எம்.டி.' போர்டு மாறினாலும், அதே சிஸ்டம் ஓடுற இன்னொரு கம்ப்யூட்டர்ல டிஸ்க்கைச் சொருகினா அடையாளம் கண்டுக்கும். விண்டோஸ் இருக்கிற சி டிரைவுக்கே நகல் வேணும்னா மட்டும் ஆன்போர்டு ரெய்டு 1. எதுவா இருந்தாலும் முதல்ல டேட்டாவை வெளியே காப்பி பண்ணிடுங்க. ரெய்டு உருவாக்குறப்போ டிஸ்க்கைத் துடைச்சுரும். வேகம்தான் வேணும்னா ஒரே ஒரு எஸ்.எஸ்.டி. போதும்.

இன்னொண்ணு, ரெய்டு வேற, பேக்கப் வேற. நீங்க தப்பா டெலிட் பண்ணா ரெண்டு டிஸ்க்குலயும் அழியும். வைரஸ் பூட்டினா ரெண்டையும் பூட்டும். அதனால, எங்க வீட்டுல ரெய்டு 1 போக, தனியா ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கும் வாங்கியாச்சு. மாசம் ஒரு தடவை அதுல காப்பி எடுக்கிறேன். அது தங்குறது பக்கத்துத் தெரு அத்தை வீட்டுல.

"ரெய்டு முடிஞ்சுதாடா?"னாங்க அம்மா.

"முடிஞ்சுது. சொத்தை எல்லாம் அத்தை வீட்டு பீரோவுல பதுக்கியாச்சு!"