பாடநூல் கொடுத்த வாக்கு

பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூல் பல இயல்களாகப் பகுக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வோர் இயலும் முடிகிற இடத்தில், 'அறிவை விரிவு செய்' என்ற தலைப்பின்கீழ், அவ்வியலோடு உறவுடைய சில நூல்களின் பெயர்களும் அவற்றை இயற்றியவர்களின் பெயர்களும் அச்சிடப்பட்டிருக்கின்றன. பாடநூல் இலக்கியத்தின் வாசற்படியேயன்றி வீடாகாது என்பதை உணர்ந்தவர்கள், படியேறி வந்த பிள்ளையை உள்ளே அழைப்பதற்காக எழுதிவைத்த வரிகள் அவை என்றே கொள்ள வேண்டும். ஆனால், சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, ஏற்காடு ஊரையும் தாண்டி, காப்பித் தோட்டங்களுக்கு நடுவே அமைந்த ஓர் அரசுப் பள்ளியில் அதே பக்கத்தைப் புரட்டுகிற மாணவி, பெரும்பாலும் பெயர்களை வாசிப்பதோடு நின்றுவிடுகிறாள். நூல்கள் அவள் கைக்கு வந்து சேர்வதில்லை. பாடநூல் பெயர் சொல்லி அழைக்கிற ஒவ்வொரு நூலும் ஏற்காடு அமைந்துள்ள சேர்வராயன் மலையின் ஒவ்வோர் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளியிலும் இருந்தே தீர வேண்டும் என்பது நமது திடமான அபிப்பிராயம்.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். அதே பாடநூலின் விரிவானப் பகுதியில், கி. ராஜநாராயணன் எழுதி 1991ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமி விருது பெற்ற 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலிலிருந்து ஒரு சிறு பகுதி சேர்க்கப்பட்டிருக்கிறது. கரிசல் காட்டு மனிதர்களின் பேச்சையும் பசியையும் விருந்தோம்பலையும் சில பக்கங்களில் சுவைத்துவிட்ட பதினைந்து வயதுப் பிள்ளை, "மீதிக் கதை எங்கே, ஐயா?" என்று கேட்குமானால், இலக்கிய போதனையில் அதைவிடப் பெரிய வெற்றி வேறொன்று உண்டா? அந்த ஒரு கேள்வியை எழுப்புவதற்காகத்தானே தமிழாசிரியர் தொண்டை வறளப் பாடம் நடத்துகிறார்? கேள்வி எழுந்த அந்தக் கணத்தில் முழு நாவலை எடுத்து நீட்டப் பள்ளியில் ஒரு பிரதி இல்லையென்றால், மூட்டிய தீயை நாமே நீர் ஊற்றி அணைத்தவர்களாவோம்.

சமவெளி நகரத்துப் பிள்ளைக்குப் புத்தகக் கடை உண்டு, நூலகம் உண்டு, படித்த உறவினர் வீட்டு அலமாரியாவது உண்டு. இதே ஏற்காட்டில் 1917ஆம் ஆண்டு முதல் நடந்துவருகிற மான்ட்ஃபோர்ட் பள்ளி போன்ற உறைவிடப் பள்ளிகளுக்குத் தேசத்தின் பல திசைகளிலிருந்தும் வந்து சேர்கிற பிள்ளைகளில் பலர், புத்தகம் புழங்குகிற இல்லங்களிலிருந்து வருகிறவர்கள். அவர்களைக் கண்டு நாம் பொறாமைப்படவில்லை. ஏற்காட்டைச் சுற்றியுள்ள 67 கிராமங்களிலிருந்தும் அரசுப் பள்ளிகளுக்கும் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளுக்கும் வருகிற பிள்ளைகளில் மிகப் பலர், மலையையே தங்கள் பெயராகக் கொண்ட மலையாளிப் பழங்குடியினரின் மக்கள்; அவர்களுடைய வீடுகள் பலவற்றில் அச்சிட்ட புத்தகம் என்று ஒன்று இருக்குமானால் அது பாடநூலாகவே இருக்கும். ஆகவே, மற்றவர்களுக்கு வீடு செய்கிற உபகாரத்தை இவர்களுக்குப் பள்ளிதான் செய்தாக வேண்டும்.

வாசிப்புக்கு நேர்ந்த இந்தக் குறை, எழுத்தில் வந்து வெளிப்படுகிறது. அரசுப் பொருட்காட்சிக்குச் சென்று வந்ததைக் கட்டுரையாக எழுதுவது பத்தாம் வகுப்பில் நன்கு பழகிப்போன ஒரு பயிற்சி. வாழ்நாளில் ஒரு பொருட்காட்சியையும் கண்டிராத மலைக்கிராமத்துப் பிள்ளை, கைடு என்றும் நோட்ஸ் என்றும் வழங்குகிற உரைநூலிலிருந்து முன்னுரை, அரங்குகள், அங்காடிகள், பொழுதுபோக்கு, முடிவுரை என்ற வரிசையில் அதை உருப்போட்டு, விடைத்தாளில் ஒரு சொல்லும் பிசகாமல் இறக்கிவைத்து, மதிப்பெண்ணும் பெற்றுவிடுகிறது. ஒரு வகுப்பின் விடைத்தாள்களை அடுக்கிவைத்துப் பார்த்தால், நாற்பது பிள்ளைகளும் ஒரே ராட்டினத்தில் ஏறி, ஒரே அப்பளத்தைத் தின்று, ஒரே முடிவுரையோடு வீடு திரும்பியிருப்பார்கள். இதற்காகப் பிள்ளைகளைக் குற்றஞ்சொல்வது அநியாயம். தன் வாழ்க்கையைப் பற்றி எவரேனும் எழுதியிருப்பதை ஒருமுறையாவது வாசித்திராதவனுக்கு, தன் வாழ்க்கையும் எழுதத்தக்கதுதான் என்று எப்படித் தோன்றும்?

எழுதத்தக்க விஷயத்திற்கோ இந்த மலையில் பஞ்சமே இல்லை. கோடையின் முதல் நல்ல மழை பெய்து சில நாட்கள் கழிந்ததும், காப்பிச் செடிகள் ஒரே சமயத்தில் வெள்ளை வெளேரென்று பூத்து, மல்லிகையை நினைவூட்டும் வாசனை மலைச்சரிவு முழுவதையும் நிறைப்பதை அந்தப் பிள்ளைகள் பிறந்தது முதல் அறிவார்கள். சில்வர் ஓக் மரத்தில் ஏணி சார்த்தி மிளகு பறிக்கும் தகப்பனையும், களத்தில் காப்பிக்கொட்டையைக் கிளறிக் காயவைக்கும் தாயையும் அவர்கள் நாள்தோறும் காண்கிறார்கள். மே மாதத்தில் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு போகிறார்கள். காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட சகோதரர் மூவர் சேர்வராயன் மலையிலும் பச்சைமலையிலும் கொல்லிமலையிலும் குடியேறினார்கள் என்ற கர்ணபரம்பரைக் கதை அவர்களுடைய பாட்டன்மார் வாயில் இன்னும் இருக்கிறது. கரிசல் காட்டுப் பேச்சு இலக்கியமாயிற்று என்பதை 'கோபல்லபுரத்து மக்கள்' முழுவதையும் படித்து உணர்ந்த ஒரு பிள்ளை, தன் மலைப்பேச்சும் அவ்வாறு ஆகக்கூடும் என்று துணிந்து பேனாவை எடுக்கும். நல்ல நூலே எழுத்துப் பயிற்சிக்குத் தலைசிறந்த துணைக்கருவி என்று நாம் சொல்வது இதனால்தான்.

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டோம். 2022ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' ஆகிய இதழ்களும், அதற்கு அடுத்த ஆண்டு வந்த வாசிப்பு இயக்கத்தின் சிறு நூல்களும் மனமாரப் பாராட்டத்தக்க முயற்சிகள். ஆனால் 'தேன்சிட்டு' ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கென்று வகுக்கப்பட்டது. பெரிய நூல்களை ஏந்தும் வலிமை மனத்திற்கு வருகிற பத்தாம் வகுப்பில், பொதுத்தேர்வைக் காரணங்காட்டி வாசிப்பின் கதவை நாம் சாத்திவிடுகிறோம். பாடநூலிலுள்ள க்யூ. ஆர். குறியீட்டைக் கைப்பேசியில் காட்டினால் எல்லாம் கிடைக்குமே என்பாருக்கு நாம் சொல்வது இது: மூடுபனியிலும் மழையிலும் மின்சாரம் நின்று, அலைவரிசையும் அகப்படாத மலைக்கிராமத்தில், மின்சாரம் வேண்டாத ஒரே சாதனம் அச்சுப் புத்தகம்.

தேர்வுக்கு நேரம் போதாதே என்று சிலர் ஆட்சேபிக்கலாம். உண்டு உறைவிடப் பள்ளியில், மாலை மணி அடித்த பின்னும் பிள்ளைகள் வளாகத்திலேயே தங்குகிறார்கள். அந்த நீண்ட மாலைகளுக்குப் புத்தகத்தைவிட நல்ல துணை ஏது? பணம் ஏது என்று கேட்பாருக்கும் விடை உண்டு. ஒரு வகுப்பின் பாடநூல் சுட்டுகிற நூல்கள் யாவும் சேர்ந்தாலும் ஓர் அலமாரியின் இரண்டு தட்டுகளில் அடங்கிவிடும். தவிரவும், நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் போன்றோரின் முயற்சியால் 1948ஆம் ஆண்டிலேயே பொது நூலகச் சட்டம் கண்டது நமது மாகாணம். அன்று முதல் வீட்டுவரியோடு நூலக வரியையும் மக்கள் செலுத்திவருகிறார்கள். மலை ஏறுவது கஷ்டம் என்பாரும் 1931ஆம் ஆண்டை நினைத்துப் பார்க்க வேண்டும்; அந்த ஆண்டில் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்கு மாட்டுவண்டியில் நூலகம் சென்றது. மாடு இழுத்துச் சென்ற புத்தகத்தை ஜீப்பால் கொண்டுபோக முடியாதா?

நூல்களை வாங்கிக் கொடுப்பதோடு கடமை முடிந்துவிடாது. புத்தகம் தொலைந்தால் இருப்புப் பதிவேட்டுக்குத் தாமே பதில் சொல்ல வேண்டிவரும் என்ற அச்சத்தால், நல்ல ஆசிரியர்கள்கூட நூல்களைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவது நாம் அறியாததன்று. படித்துப் படித்துக் கிழிந்த புத்தகம் பள்ளிக்கு நஷ்டமன்று, லாபமே என்று துறை எழுத்துமூலமாக ஆணையிட வேண்டும். பள்ளிக் கல்வித்துறையின் பொறுப்பா, பழங்குடியினர் நலத்துறையின் பொறுப்பா என்ற தர்க்கத்தில் நாட்களைக் கழிக்காமல், இரண்டு துறைகளும் ஒன்றுகூடி, வாரம் ஒரு பாடவேளையை மதிப்பெண்ணுக்கு அப்பாற்பட்ட வாசிப்புக்கும் சொந்த எழுத்துக்கும் ஒதுக்க வேண்டும். அந்த வேளையில் பிள்ளைகள் எழுதுகிற மலைக்கதைகளைத் தொகுத்து ஆண்டுக்கு ஒரு சிறு நூலாக்கினால், அடுத்த ஆண்டு வருகிற தம்பி தங்கையருக்கு அதுவே வாசிப்பு நூலாகும்.

பாடநூலில் அச்சிட்ட ஒரு நூலின் பெயர், அரசாங்கம் பிள்ளைக்கு எழுதிக் கொடுத்த வாக்கு. வருகிற ஜூன் மாதத்தில் பள்ளிக்கூடம் திறக்கிற நாளன்று, அந்த நூல்கள் சேர்வராயன் மலைப் பள்ளிகளில், பூட்டில்லாத அலமாரியில் இருக்கட்டும்.