திரையில் காண்பதெல்லாம் வரலாறா?

வைக்கிங் என்று சொன்னால் போதும், நம் வீட்டுப் பிள்ளைகள் தலைக்கு மேல் இரண்டு விரல்களை நீட்டிக் கொம்பு காட்டுகிறார்கள். வடகடல் நாடுகளிலிருந்து கப்பலேறிப் போய்க் கொள்ளையும் வாணிபமும் செய்த அந்த மக்கள், கொம்பு வைத்த தலைக்கவசம் அணிந்து போரிட்டதற்குச் சான்று கிடையாது. நார்வேயில் யெர்முண்டுபு என்ற பண்ணையில் 1943-இல் கிடைத்த வைக்கிங் கால இரும்புக் கவசத்தில் கொம்பு இல்லை. பின் அது எப்படி முளைத்தது? 1876-இல் ஜெர்மனியின் பைராய்த் நகரில் வாக்னரின் இசை நாடகம் அரங்கேறியபோது, உடை அமைத்த டோப்ளர் என்ற ஓவியர் சில பாத்திரங்களுக்குக் கொம்பும் சிறகும் வைத்த கவசம் அணிவித்தார். மேடையில் வைத்த கொம்பு படக்கதைக்கும் சினிமாவுக்கும் பரவி, இன்று உலகமே அதை நம்புகிறது.

கடவுளர் கதையும் தப்பவில்லை. 2011-இல் வந்த 'தோர்' படத்தில் லோகி என்பவன் தோரின் வளர்ப்புத் தம்பி. ஐஸ்லாந்தில் 13-ஆம் நூற்றாண்டில் ஏட்டில் எழுதப்பட்ட பழம்பாடல்களிலோ அவன் தோரின் தந்தை ஓடினோடு இரத்தம் கலந்து சகோதர உறவு பூண்டவன். பாதாள உலகை ஆளும் ஹெல் பழங்கதையில் லோகியின் மகள். 2017-இல் வந்த படத்தில் ஓடினின் மகள்! சித்தப்பா முறை வேண்டியவர் தம்பியாகிவிட்டார். பேத்தியோ பெரியம்மாவோ யாரென்று தெரியாத குழப்பம்.

எங்கோ பனி நாட்டுக் கதை நமக்கெதற்கு என்று அன்பர்கள் கேட்கலாம். நம் வீட்டிலும் இதே கதைதான் நடக்கிறது என்பதற்காகவே சொல்ல வந்தேன்.

மணிரத்னத்தின் 'பொன்னியின் செல்வன்' 2022 செப்டம்பரிலும் 2023 ஏப்ரலிலும் இரு பாகங்களாக வெளிவந்தது. கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய நாவலின் திரைவடிவம் அது. இங்கே மலையாள நண்பர்களும் விரும்பிப் பார்த்தார்கள். நமக்குப் பெருமைதான். ஆனால் படம் முடிந்தபின் நம் பிள்ளைகள் மனத்தில் தங்குவது என்ன? ஆதித்த கரிகாலன் நந்தினியால் மாண்டான் என்பதுதான். நந்தினியோ கல்கியின் கற்பனை. எந்தக் கல்வெட்டிலும் அவள் இல்லை.

கல்வெட்டில் இருப்பது வேறு. காட்டுமன்னார்கோயில் அருகே உடையார்குடியில், இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று உண்டு. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரின் பெயர்களைச் சொல்லி, அவர்கள் உறவினரின் நிலங்களையும் கைப்பற்ற ஆணையிடுகிறது. ரவிதாசனுக்குப் பஞ்சவன் பிரமாதிராசன் என்றும், பரமேசுவரனுக்கு இருமுடிச்சோழ பிரமாதிராசன் என்றும் பட்டங்கள்! அரசு கொடுக்கும் பட்டம் பெற்றவர்களே கொலையில் சேர்ந்தது ஏன்? உத்தம சோழன் மீது நீலகண்ட சாஸ்திரியார் ஐயம் கொண்டார். சதாசிவ பண்டாரத்தார் மறுத்தார். இந்த வழக்கு எந்தக் கதைக்கும் குறைந்ததில்லை. நம் பிள்ளைகளுக்கு இது சொல்லப்படவே இல்லை.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். நாவலில் வரும் குழந்தை மாறாட்டக் கதையைப் படம் விட்டுவிட்டது. செம்பியன் மாதேவியின் மகன் மதுராந்தகனே உத்தம சோழனாக முடிசூடுகிறான். அந்த ஓரிடத்தில் நாவலைவிடப் படமே வரலாற்றுக்கு அருகில் நிற்கிறது. ஆகவே 'சினிமா என்றாலே பொய்' என்று ஒதுக்குவதும் சரியாகாது.

பழைய படங்களுக்கும் இது பொருந்தும். 1959-இல் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தில் ஜாக்சன் துரையோடு நடக்கும் வாக்குவாதத்தை மனப்பாடமாகச் சொல்லாதவர் நம் தலைமுறையில் யார்? அந்த அனல் பறக்கும் வசனம் சக்தி கிருஷ்ணசாமியின் பேனாவில் பிறந்தது. உண்மையில் 1798-இல் கலெக்டர் ஜாக்சன் கட்டபொம்மனை ஊர் ஊராக அலைய விட்டு, இராமநாதபுரத்தில்தான் பேட்டி கொடுத்தார். அது கைகலப்பில் முடிந்தது. பிறகு கும்பினியாரே விசாரணைக் குழு அமைத்தார்கள். ஜாக்சன் பதவி இழந்தார். இந்தச் செய்தி நமக்கு எத்தனை பேருக்குத் தெரியும்?

இன்னொன்று. துரோகி என்றால் 'எட்டப்பன்' என்கிறோம். எட்டயபுரம் கும்பினிப் பக்கம் நின்றது உண்மை. ஆனால் தப்பிச்சென்ற கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தது புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்கள். 1799 அக்டோபர் 16-இல் கயத்தாற்றில் அவரைத் தூக்கிலிட்டார்கள். பாரதி பிறந்த ஊரின் பெயர் மட்டும் வசைச்சொல் ஆகிவிட்டது. கதை, கூத்து, சினிமா மூன்றும் சேர்ந்து செய்த வேலை இது. அந்த ஊர்க்காரர் ஒருவர் தம் ஊரைச் சொல்லத் தயங்கினால், அது வெறும் பொழுதுபோக்கின் விளைவு என்று தள்ளிவிட முடியுமா?

இனி நாம் வாழும் மண்ணுக்கு வருவோம். பொன்முடி, போணக்காடு தேயிலைத் தோட்டங்களில் உழைக்க வந்த குடும்பங்களும், அரசு வேலை, வாணிபம் என்று வந்தவர்களுமாக விதுராவிலும் சுற்றிலும் தமிழர் வாழ்கிறோம். நம் பிள்ளைகளுக்குத் திரையில் கிடைத்த அதே இராசராசன், பள்ளியில் பக்கத்து இருக்கைப் பிள்ளைக்குச் சேர நாட்டின் மேல் படையெடுத்து வந்த பகைவன். தன் ஆட்சியின் தொடக்க ஆண்டுகளிலேயே காந்தளூர்ச் சாலையில் 'கலம் அறுத்ததை' அவன் பெருமையாகக் கல்லில் பொறித்தான். அந்தக் காந்தளூர் திருவனந்தபுரத்து வலியசாலைதான் என்று கொள்வோர் பலர். கலம் என்றது கப்பலையா, உண்கலத்தையா என்று அறிஞர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. நாவலின் கதை இராசராசன் முடிசூடுவதற்கு முன்பே முடிவதால் படத்தில் இதெல்லாம் வரவில்லை. படம் மட்டுமே தெரிந்த நம் பிள்ளை, பள்ளியில் இந்தப் பேச்சு வந்தால் ஒன்று சண்டைக்குப் போவான், அல்லது தலை குனிவான். இரண்டும் வேண்டாம்.

அவனுக்கு வேறொரு செய்தியைச் சொல்லுங்கள். முன்சிறையை அடுத்த பார்த்திவபுரத்தில் ஆய் மன்னன் கருநந்தடக்கன், இராசராசனுக்கு நூறாண்டுக்கும் மேல் முன்பே, ஒரு கோயிலும் அதனோடு ஒரு சாலையும் அமைத்தான். சாலை என்றால் அந்நாளில் மாணவர் தங்கிப் படிக்கும் இடம். 95 மாணவருக்கு இடம். காந்தளூர்ச் சாலையே அதற்கு முன்மாதிரி. அதைச் சொல்லும் செப்பேடு வட்டெழுத்தில், தமிழில் இருக்கிறது. ஆக, காந்தளூரில் நடந்ததை வென்றவன், தோற்றவன் என்று இரு கட்சியாகப் பிரித்துக்கொள்ள நமக்கும் மலையாளிகளுக்கும் அவசியமே இல்லை. அந்தச் சாலையும், அதைச் சொல்லும் செப்பேடும், அதை வென்றதாகச் சொல்லும் கல்வெட்டும் நம் இருவருக்கும் பொதுச் சொத்து.

நான் வரலாறு படித்தவன் அல்லன். டிப்ளமோ பெற்று ரயில்வேயில் தண்டவாளமும் பாலமும் பார்த்துக் காலம் கழித்தவன். எங்கள் யார்டு வரைபடத்தில் ஏற்கெனவே இருக்கும் பாதை கறுப்பு மையிலும், புதிதாகப் போட நினைக்கும் பாதை சிவப்பு மையிலும் இருக்கும். சிவப்பு மை தவறில்லை. அதில்லாமல் புதிதாக எதையும் கட்ட முடியாது. ஆனால் இரண்டையும் ஒரே மையில் வரைந்தால், இல்லாத பாதையில் வண்டியை விட்டுவிடுவோம். கற்பனையே கூடாது என்று படம் எடுப்பவரிடம் யாரும் சொல்லவில்லை. எது கல்வெட்டு, எது கற்பனை என்று படம் முடிந்ததும் நாலு வரி போட்டால் ரசிகருக்குச் சுவை குறைந்துவிடாது. தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் ஓடும் ஒற்றை அறிவிப்பு அதற்கு ஈடாகாது.

படத்தைத் தடைசெய், சுவரொட்டியைக் கிழி என்று கிளம்புவதில் எனக்கு உடன்பாடில்லை. அவர்கள் போடாத நாலு வரியை நாம் போடலாமே! நம் சங்க விழாக்களில் வரலாற்றுப் படம் காட்டும்போதெல்லாம், முடிந்தபின் அரைமணி நேரம் ஒதுக்கி, கற்பனை எது, சான்று எது என்று பெரியவர் ஒருவர் பிள்ளைகளுக்குச் சொல்லட்டும். இந்த ஆண்டுச் சுற்றுலாவைப் பார்த்திவபுரத்துக்கும் வலியசாலைக்கும் வைத்துக்கொள்ளலாம். மலையாள நண்பர்களின் பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்வோம். சங்க நிர்வாகிகள் அடுத்த செயற்குழுவில் இதைப் பரிசீலிக்க வேண்டும் என்று அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.