சித்திரப் பயிற்சி: இல்லாத மலையும் இருக்கும் ஏரியும்

இளவேனில் பிறந்துவிட்டது. வேம்பு பூத்திருக்கிறது, புங்க மரங்கள் புதுத் தளிர் தாங்கி நிற்கின்றன. விடுமுறைக்கு வீட்டிலிருக்கும் குழந்தைகளுக்குச் சித்திரம் எழுதக் கற்பிக்க இதனினும் நல்ல பருவம் வேறில்லை. பாடத்தைத் தொடங்குமுன் என் பிழை ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்.

பழவேற்காட்டு ஏரியைச் சார்ந்த மீனவர் ஊர் பசியாவரம். அவ்வூர்ச் சிறுவன் ஒருவன் என் வகுப்பில் இருந்தான். "உனக்குப் பிடித்த காட்சியை எழுது" என்றேன். இரண்டு மலைகள், நடுவே உதயசூரியன், ஓர் ஆறு, ஓட்டு வீடு.

"உங்கள் ஊரில் மலை எங்கேயப்பா இருக்கிறது?"

"இல்லை, ஸார். ஆனால் படம் என்றால் இப்படித்தானே இருக்கவேண்டும்?"

அதே மலைகளுக்கு ஆண்டுதோறும் முழு மதிப்பெண் இட்டு வந்தவன் நானே! சற்றுப் பொறுத்து அவன், "எங்கள் அப்பாவின் படகை எழுதலாமா, ஸார்?" என்று தயங்கிக் கேட்டான். தன் வீட்டுப் படகு சித்திரத்துக்குத் தகுதியற்றது என்று ஒரு பிள்ளை எண்ணும்படி நாமல்லவா செய்துவிட்டோம்?

நம் நாட்டுச் சித்திரக்காரர்களில் பெரியவரான நந்தலால் போஸ் இவ்வாறு கற்பிக்கவில்லை. சாந்திநிகேதனத்துக் கலாபவனத்தில் மாணவரை மரத்தடிக்கும் வெட்டவெளிக்கும் அழைத்துச் சென்று, கண்ணால் கண்டதை எழுதப் பழக்கினார். 1938-ஆம் ஆண்டு ஹரிபுராக் காங்கிரஸுக்காகக் காந்தியடிகளின் விருப்பப்படி அவர் எழுதிய படங்களில், உழவரும் வாத்தியம் முழக்குவோரும் வீட்டு வேலை செய்யும் பெண்டிருமே நாயகர்கள். காகிதம் கையால் செய்தது. வண்ணம் மண்ணிலிருந்து எடுத்தது.

ஆகவே நமக்கும் விலையுயர்ந்த கருவிகள் வேண்டா. ஒரு பென்ஸில், அல்லது அடுப்புக் கரித்துண்டு, ஒரு பக்கம் வெறுமையாயுள்ள பழைய தாள், இவை போதும்.

முதற் பாடம் பூவரச இலை. நடுநரம்பை முதலில் ஒரே இழுப்பில் எழுதுக. அளவுகோல் கூடாது, இலையின் நரம்பு சிறிது வளைந்தே இருக்கும். காம்பு சேரும் இடத்திலிருந்து மற்ற நரம்புகள் விரல்கள்போல் விரிவதை நோக்குக. அதன் பிறகே இருதயம் போன்ற விளிம்பு. பூவையோ காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை எழுதவேண்டும். காலையில் மஞ்சளாக மலர்ந்தது மாலையில் செம்மை பாய்ந்து வாடும். ஒரே பொருள் ஒரு நாளில் இரு சித்திரமாவதைக் குழந்தை அறிந்துகொள்ளும்.

இரண்டாவது பாடம் ஏரி. தாளின் கீழ் மூன்றிலொரு பங்கில் அடிவானக் கோட்டைப் போடுக. மேலே முழுதும் வானம். பழவேற்காட்டு ஏரி ஆழமற்றது; இடுப்பளவு நீரில் நின்று மீன் பிடிப்போரைக் காணலாம். சமதரையான கரையில் நின்று பார்த்தால், அருகில் நிற்பவர் தலையும் தொலைவில் நிற்பவர் தலையும் ஏறக்குறைய அடிவானக் கோட்டையே தொடும். பாதங்கள்தாம் மேலும் கீழுமாக அமையும். தூரத்தைக் காட்டும் ரகசியம் இவ்வளவே.

மூன்றாவது பாடம் பூநாரை. பனிக்காலத்தில் இங்கே திரளும் இப்பறவைகள் வெயில் முற்ற முற்றக் குறைந்துவிடும், எஞ்சியவற்றை எழுதிக்கொள்வோம். உடலுக்கு ஒரு முட்டை வடிவம். கழுத்துக்கு ஒரு நெளிகோடு. அலகு நடுவில் கீழ்நோக்கி மடிந்திருக்கும். தலையைத் தலைகீழாகக் கவிழ்த்துச் சேற்றுநீரை வடிகட்டி இரைகொள்வதற்கு ஏற்ற அமைப்பு அது. கால் நடுவே பின்னோக்கி மடிவதை முழங்கால் என்று மயங்க வேண்டா, அது கணுக்கால். முழங்கால் இறகுக்குள் மறைந்திருக்கிறது. காரணம் தெரிந்தால் கோடு பிசகாது.

இவ்வாரப் பயிற்சி: வீட்டருகே தளிர்க்கும் ஒரே கிளையைத் தேதியிட்டு ஏழு நாள் எழுதிவருக. பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: குழந்தையின் கோட்டை நீங்கள் திருத்தாதீர்கள், "மறுபடி பார்" என்று மட்டும் சொல்லுங்கள்.

பசியாவரத்துச் சிறுவன் மறுநாள் படகை எழுதி வந்தான். முனை சற்றுக் கோணல். ஆனால் நங்கூரக் கயிற்றின் முடிச்சு, கிழிந்து தைத்த வலை, அப்பா அமரும் இடத்தில் தேய்ந்த பலகை எல்லாம் அதில் இருந்தன. அவற்றுள் ஒன்றையும் நான் அவனுக்குக் கற்பிக்கவில்லை.