நானூறு ரூபாய்க்கு வேற என்ன எதிர்பார்த்தே?

கோலாலம்பூரோ பாங்காக்கோ போய்விட்டு முதுகெல்லாம் தடித்துத் தடித்து வந்து நிற்கிறவனிடம் ஊர் கேட்கிற முதல் கேள்வி இதுதான்: "நானூறு ரூபாய்க்கு வேற என்ன எதிர்பார்த்தே, தாஜ் ஓட்டலா?" அப்பா கேட்பார். சித்தப்பா கேட்பார். கூடவே வந்து அதே ரூமில் மேல் பெர்த்தில் படுத்து, கடி வாங்காமல் தப்பித்த நண்பனும் கேட்பான். (அவனை மட்டும் மன்னிக்கவே கூடாது.) கேட்கிறவர்களுக்கு இது என்னமோ பெரிய பொருளாதாரத் தத்துவம் மாதிரி. விலை கம்மி, ஆகவே மூட்டைப்பூச்சி. பேச்சு முடிந்தது.

முடியவில்லை மக்களே. இது சுத்தப் பேத்தல். பி.காம். முதல் வருஷம் படிக்கிறவனே பிரித்து மேய்ந்துவிடலாம்.

2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களுக்கு விசா தேவையில்லை என்று மலேசியா அறிவித்தது. அதற்குச் சில வாரம் முன்னால் தாய்லாந்தும் அதையே செய்திருந்தது. தஞ்சாவூர்ப் பையன்களுக்குத் திருச்சி ஏர்போர்ட் ஒன்றரை மணி நேரம். ஆஃபரில் டிக்கெட் விழுந்தால் நாலு பேர் சேர்ந்து கிளம்பிவிடலாம். தங்குவதற்கு ஹாஸ்டல். ரூம் கிடையாது, படுக்கைதான் வாடகைக்கு. எட்டுப் பேர் படுக்கிற ஹாலில் ஒரு அடுக்குக் கட்டில், ஒரு லாக்கர், பொது பாத்ரூம். நானூறு ரூபாய்க்கு இதைத்தான் வாங்குகிறார்கள். ஏ.சி. சரியாக வராது என்பதும், பக்கத்துக் கட்டில்காரன் குறட்டை விடுவான் என்பதும், காலையில் பாத்ரூமுக்கு வரிசை நிற்க வேண்டும் என்பதும் தெரிந்தேதான் காசு கட்டுகிறார்கள். இதெல்லாம் வசதிக் குறைவு. விலையில் கழித்தாகிவிட்டது. ஒருத்தனும் புகார் சொல்லவில்லை.

மூட்டைப்பூச்சி வேற கணக்கு. அது விலைப் பட்டியலில் இல்லை. படங்களில் இல்லை. "எங்கள் மெத்தையில் மூட்டைப்பூச்சி உண்டு, அதனால் நூறு ரூபாய் தள்ளுபடி" என்று எந்த ஹாஸ்டலாவது போர்டு வைத்ததுண்டா? வைத்திருந்தால் இந்தப் பேச்சே வேண்டாம். சொல்லாமல் விற்றால் அதற்குப் பெயர் மலிவு இல்லை, மறைப்பு.

மூட்டைப்பூச்சி ஒன்றும் புதுச் சரக்கு இல்லை. சிவன் கைலாசத்துக்கும் பெருமாள் பாற்கடலுக்கும் போய்ப் படுத்ததே இதற்குப் பயந்துதான் என்று ஒரு பழைய கிண்டல் உண்டு. டி.டி.டி. வந்ததும் ஒழிந்தது என்று நினைத்தார்கள். 1940-களின் கடைசியிலேயே டி.டி.டி.க்கு அசையாத பூச்சிகள் தலைகாட்டிவிட்டன. 2023-ல் பாரிஸ் நகரமே இதற்காக அலறியது. அங்கே தங்கின எல்லாரும் நானூறு ரூபாய் கிராக்கியா என்ன? பூச்சிக்குப் பணக்காரன் ஏழை தெரியாது. அது கடிப்பது அஞ்சு பத்து நிமிஷம். கடிக்கும்போது வலியே தெரியாது. தூங்கினவனுக்கு விடிந்த பிறகுதான் தெரியும், சில சமயம் ஊர் வந்து சேர்ந்த பிறகு. ஆனால் மெத்தையின் தையல் ஓரத்தில் கறுப்புப் புள்ளி புள்ளியாக அது விட்டுப்போகிற அடையாளம், தினமும் உறை மாற்றுகிற ஆளுக்குத் தெரியும். ஓனருக்கும் தெரியும். தெரியாத ஒரே ஆள் காசு கொடுத்தவன்.

விற்கிறவனுக்குச் சரக்கின் லட்சணம் தெரிந்து வாங்குகிறவனுக்குத் தெரியாமல் போனால் சந்தை என்ன ஆகும் என்று ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970-ல் ஒரு கட்டுரை எழுதினார். பழைய கார் சந்தைதான் அவருடைய உதாரணம். 2001-ல் நோபல் பரிசும் வாங்கினார். எல்லாரும் சந்தேகத்தோடு கம்மி விலையே கொடுப்பார்கள். நல்ல சரக்கு வைத்திருக்கிறவன் கட்டுப்படியாகாமல் கடையைச் சாத்திவிடுவான். மட்டமானவன் மட்டும் மிஞ்சுவான். "கம்மி விலைக்கு இப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிற ஊர், நாணயமாகச் சின்ன ஹாஸ்டல் நடத்துகிற ஆளையும் சேர்த்துத்தான் மூடுகிறது. சித்தப்பா இதை யோசித்திருக்க மாட்டார்.

கடியோடு போனால் சொறிந்துவிட்டுப் போகலாம். 2024 நவம்பரில் லாவோஸில் வாங் வியெங் என்கிற ஊரில், மெத்தனால் கலந்த சாராயத்தால் வெளிநாட்டுப் பயணிகள் ஆறு பேர் செத்துப்போனார்கள். அதில் இரண்டு ஆஸ்திரேலியப் பெண்களுக்கு வயது 19. பையை மாட்டிக்கொண்டு சிக்கனமாக ஊர் சுற்றக் கிளம்பின தோழிகள். பாதிக்கப்பட்டவர்களில் பலர் தங்கியிருந்த ஹாஸ்டலில் விருந்தாளிகளுக்கு இலவசமாக ஒரு மடக்கு வோட்கா கொடுக்கிற வழக்கம் இருந்தது. தங்கள் சாராயம் காரணமில்லை என்று ஹாஸ்டல் தரப்பில் மறுத்தார்கள். போலீஸ் ஊழியர்கள் சிலரைப் பிடித்து வைத்து விசாரித்தது. அந்தச் செய்திகளுக்குக் கீழே உலகம் முழுக்க என்ன எழுதினார்கள் தெரியுமா? "ஓசியில் குடித்தால் இப்படித்தான்." அதே 2024-ல் ஜூன் மாசம் கள்ளக்குறிச்சியில் அதே மெத்தனாலுக்கு 60 பேருக்கு மேல் போனபோது நம்ம டீக்கடையில் என்ன பேசினார்களோ அதே பேச்சு. செத்தவன் சட்டையைப் பிடித்துக் கேள்வி கேட்பது ரொம்பச் சுலபம், அவன் திருப்பிக் கேட்க மாட்டான்.

இந்தக் கேள்வியை மற்ற ஊர்க்காரன் கேட்டால்கூடப் போகட்டும் என்று விடலாம். தஞ்சாவூர்க்காரன் கேட்கக் கூடாது. தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டை போகிற பஸ்ஸில் ஏறி ஒரத்தநாட்டில் இறங்கினால் முத்தாம்பாள் சத்திரம் இருக்கிறது. யானையும் குதிரையும் இழுக்கிற தேர் மாதிரி கட்டின கட்டடம். இரண்டாம் சரபோஜி மன்னர் தன் பிரியத்துக்குரிய முத்தாம்பாள் நினைவாக ராமேஸ்வரம் போகிற பாதையில் கட்டினது. நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரம் என்று இன்னொன்று. டெல்டா முழுக்க மராட்டிய ராஜாக்கள் இப்படி வரிசையாகக் கட்டி வைத்தார்கள்.

1799-ல் ராஜ்யத்தைக் கம்பெனியிடம் கொடுத்துவிட்ட சரபோஜி, சத்திரங்களும் கைவிட்டுப் போய்விடக் கூடாதே என்று 1801-ல் தஞ்சாவூர் ரெசிடென்ட் பெஞ்சமின் டோரினுக்கு ஒரு கடிதம் எழுதினார். உட்கார்ந்து படிக்க வேண்டிய கடிதம். பிராமணரிலிருந்து பறையர் வரை, ஜோகி, ஜங்கமர், பைராகி என யார் வந்தாலும் சோறு உண்டு. சமைத்த சோறு வேண்டாம் என்கிறவர்களுக்கு அரிசியும் மசாலா சாமானும். நடுராத்திரியில் ஒரு மணி அடிக்கும்; இன்னும் சாப்பிடாதவர்கள் யாராவது இருந்தால் வந்து சாப்பிடலாம் என்று கூவி அழைப்பார்கள். உடம்பு முடியாமல் பயணத்தைத் தொடர முடியாதவர்கள் எழுந்து நடக்கிற வரைக்கும் தங்கலாம். வைத்தியர்கள் உண்டு, அதிலும் விஷக்கடிக்கு மருந்து தெரிந்தவர்கள். தங்க வந்த இடத்தில் அப்பா அம்மாவை இழந்த குழந்தைகளுக்குச் சோறு, துணி, படிப்பு, நாலு நாளைக்கு ஒருதடவை எண்ணெய்க் குளியல் வரைக்கும் கணக்கு வைத்திருக்கிறார் மனுஷர். வழிப்போக்கன் அங்கேயே இறந்துபோனால் அவன் வழக்கப்படி காரியம் செய்வதும் சத்திரத்தின் பொறுப்பு.

அத்தனையும் இலவசம். பூஜ்ஜியம் ரூபாய்க்கு வேற என்ன எதிர்பார்த்தே என்று ஒருத்தரும் கேட்கவில்லை. ராத்திரி கடிக்க என்ன வரும் என்று யோசித்து முன்கூட்டியே வைத்தியரை உட்கார வைத்தார்கள்!

"அது ராஜா பணம், கிராமத்து வருமானத்தை எழுதி வைத்து நடத்தினது, இது வியாபாரம்" என்று ஒரு குரல் வரும். வரட்டும். சாதிக்கொரு பந்தி என்று இருந்த காலம் அது என்பதும் உண்மைதான். சொர்க்கம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் தர்மத்துக்கு வந்தவனிடமே இத்தனை பொறுப்பு இருந்தது என்றால், காசு வாங்கிக்கொண்டு படுக்க வைக்கிறவனுக்குக் கூட வேண்டுமா, குறைய வேண்டுமா?

சட்டமும் அந்தப் பக்கம்தான். 1998-ல் டெல்லியில் தாஜ் ஓட்டலுக்குப் போன ஒருத்தர் தன் மாருதி ஜென் காரையும் சாவியையும் ஓட்டல் ஆளிடம் கொடுத்தார். கார் திருடு போனது. "உரிமையாளர் பொறுப்பில் நிறுத்தவும்" என்று டோக்கனில் அச்சடித்திருக்கிறோமே என்று ஓட்டல் வாதாடியது. 2019 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் ஏற்கவில்லை: நம்பி ஒப்படைத்ததை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டேன் என்று முதலில் நிரூபி, அதற்கப்புறம் டோக்கனைக் காட்டு என்பதுதான் தீர்ப்பின் சாரம். (ஆக, தாஜ் ஓட்டலிலேயே கார் காணாமல் போகும். சித்தப்பா கவனிக்க :-))

காருக்கே இப்படி என்றால் காரில் வந்த உடம்புக்கு? வெளிநாட்டு ஹாஸ்டலைக் கோர்ட்டுக்கு இழுப்பது கஷ்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் படுக்கையை விற்றுக் கொடுத்த புக்கிங் தளம் இந்தியாவில் கடை விரித்திருக்கிறது. 2020-ல் வந்த இ-காமர்ஸ் விதிகள் இங்கே உள்ள நுகர்வோருக்குத் தொடர்ந்து விற்கிற வெளிநாட்டுத் தளங்களுக்கும் பொருந்தும். புகார் போய்ச் சேர்ந்தது என்று 48 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும், ஒரு மாசத்துக்குள் தீர்க்க வேண்டும். 2019 நுகர்வோர் சட்டப்படி, வாங்கினவன் குடியிருக்கிற ஊரிலேயே வழக்குப் போடலாம். தஞ்சாவூர்க்காரன் தஞ்சாவூரிலேயே. அஞ்சு லட்சம் வரை கட்டணமும் இல்லை. "அட விடுப்பா" என்று விடுகிற ஒவ்வொருத்தனும், அதே மெத்தையில் அடுத்து வந்து படுக்கிறவனுக்கும் சேர்த்து விட்டுக்கொடுக்கிறான்.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதைப் பேசினால் ஊரில் கோபம் வரும். வெளிநாட்டுக்காரர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் படிவம் அனுப்ப வேண்டும். அந்தத் தொல்லை வேண்டாம் என்று, ஆன்லைனில் காசு கட்டி வந்தவனையே வாசலில் வைத்து "ஃபாரினர் நாட் அலவ்ட்" என்கிற லாட்ஜுகள் இந்தியா முழுக்க உண்டு. கல்யாணம் ஆகாதவர்களுக்கு ரூம் இல்லை, தனியாக வந்த பெண்ணுக்கு ரூம் இல்லை என்பதும் வந்து நின்ற பிறகுதான் தெரியும். அதையும் புக்கிங் பக்கத்தில் போடுவதில்லை.

2028-ல் கும்பகோணத்தில் மகாமகம். லட்சக்கணக்கில் வருவார்கள். அவர்களில் சிக்கனமாக வந்த எவனாவது ராத்திரி ஒரு மணிக்குப் பையோடு லாட்ஜ் கவுன்டருக்கு இறங்கிவந்து கையில் தடிப்பைக் காட்டினால், உள்ளே உட்கார்ந்திருக்கிற ஆள் என்ன சொல்லப் போகிறார் என்று இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளலாம். அநேகமாக, தலைப்பில் இருப்பதையேதான்.