மரத்தடியில் சாப்பிட்டவர்கள் அமைத்த கோஷ்டி

சென்னைக்குக் கிரிக்கெட்டைக் கொண்டு வந்தவர்கள் வெள்ளைக்காரர்கள். 1846ஆம் ஆண்டிலேயே "மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்" என்ற சங்கத்தை அமைத்துக்கொண்டார்கள். பிறகு சேப்பாக்கத்தில் மைதானமும் கிடைத்தது. ஆனால், அந்தச் சங்கத்தில் இந்தியருக்கு இடம் இல்லை. ஆட வந்த இந்தியர்கள் மரத்தடியில் உட்கார்ந்துதான் சாப்பிட்டார்களாம்.

புச்சிபாபு நாயுடுவுக்கு இது பொறுக்கவில்லை. அவர் பெரிய இடத்துப் பிள்ளை. லஸ்ஸில் மாளிகையில் வளர்ந்தவர். அவர் வெள்ளைக்காரரிடம் போய்க் கெஞ்சவில்லை. 1888ல், தமது இருபதாவது வயதில், "மெட்ராஸ் யுனைடெட் கிளப்" என்ற சங்கத்தைத் தொடங்கிவிட்டார்! எஸ்பிளனேடு மைதானத்தில் ஆட்டம் நடந்தது. மட்டையும் பந்தும் வாங்கப் பணம் இல்லாத இளைஞர்களுக்குத் தம் சொந்தப் பணத்தில் வாங்கிக் கொடுத்தார். ஆடவும் பழக்கினார்.

இருபது ஆண்டுகள் போயின. வெள்ளையரும் இந்தியரும் சரிசமமாக மோத ஏற்பாடு ஆயிற்று. ஆட்டத்துக்குச் சில நாட்களே இருந்தபோது, 1908ல், புச்சிபாபு காலமானார். அவருக்கு வயது 40தான்.

அவர் போட்ட விதை வீண்போகவில்லை. வெள்ளையர்-இந்தியர் மாகாணப் போட்டி 1915-16 முதல் 1951-52 வரை நடந்தது. புச்சிபாபுவின் மகன் சி.ராமசாமி 1936ல் இங்கிலாந்தில் டெஸ்ட் ஆடினார். (அவர் டென்னிஸிலும் சூரர். 1922ல் டேவிஸ் கோப்பையில் ஆடியவர்.)

2024ல் தமிழக அரசு ஊராட்சிகளுக்கு விளையாட்டுச் சாமான்கள் வழங்கத் தொடங்கியது. நல்ல காரியம். ஆனால், புச்சிபாபு கொடுத்தது மட்டை மட்டும் அல்ல. ஒரு சங்கம், ஒரு மைதானம், எதிர்த்து ஆட ஒரு கோஷ்டி, எல்லாம் சேர்ந்தே கிடைத்தன. எதிர்க்கோஷ்டி இல்லாவிட்டால் மட்டை மூலையில்தான் கிடக்கும்.

பழவேற்காடு ஏரியில் உள்ள பசியாவரம் போன்ற மீனவர் ஊர்களை மாவட்டச் சங்கங்கள் போட்டிக்கு அழைக்க வேண்டும். "கடலுக்கும் ஏரிக்கும் போகிறவர்களுக்கு நேரம் ஏது?" என்று சிலர் கேட்பார்கள். அந்த ஏரியில் பாடு முறை உண்டு. யார், எந்த நாளில், எங்கே வலை போடுவது என்று முறை வைத்துக்கொள்வார்கள். பாடு இல்லாத நாள் எது என்று ஊர்ப் பெரியவர்களைக் கேட்டு, அந்த நாளில் ஆட்டத்தை வைத்துக்கொள்ளலாமே!